நூல் சேலை பெல்ட்

முன்னொரு காலத்திலே, அது போன தையோ அதுக்கு முந்தின தையோ, 'ம்' கொட்ட ஆள் இருக்கிற வரைக்கும் எல்லாம் முன்னொரு காலந்தான், சங்ககிரிக்கு வடக்கே பனங்காட்டுப் பிரிவு என்கிற ஊரில் அர்த்தநாரி என்று ஒரு லாரி டிரைவர் இருந்தான், அவனுக்குப் பாவாயி என்று ஒரு பெண்டாட்டி இருந்தாள், பாவாயிக்கு நாச்சிமுத்து என்று கண் தெரியாத ஒரு அப்பா இருந்தார், இவர்களுக்கு நடுவில் பாவாயியின் குரல் இருந்தது.

அந்தக் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய குரல் ஒன்றும் இல்லை. பாட்டுப் பாடாது, சண்டை போடாது, தெருக்குழாயில் நாலு பேர் பேசினால் ஐந்தாவதாகக் கேட்கும். ஆனால் நாச்சிமுத்துவுக்கு அதுதான் கோல், அதுதான் வழி. பார்வை போன பிறகும் அவர் ஒரு தடியைத் தொட்டதில்லை, ஒருத்தர் கையைப் பிடித்து நடந்ததில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாடு மாதிரி இருக்கிறது என்பார். பாவாயி நாலு எட்டு முன்னால் நின்று, இப்புடி வாங்கப்பா, கல்லு இருக்குதுங்க, சித்த காலத் தூக்கி வைங்க என்று சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லின் மேலேயே கால் வைத்து நடப்பது போல வீட்டிலிருந்து ரோட்டோர டீக்கடை வரைக்கும் போய் வருவார். அதே குரல் அர்த்தநாரி லோடு ஏற்றி லைனுக்குக் கிளம்பும்போது பாத்துப் போங்க, போயிட்டு வாங்க என்னும். அவன் எது சொன்னாலும் சரிங்க என்னும். வீட்டு நகையைக் கேட்டபோதும் சரிங்க, தைக்கு வருகிறேன் என்றவன் மாசிக்கு வந்தபோதும் சரிங்க. அப்படி ஒரு குரல்.

ஒரு மாசி மாதம் அர்த்தநாரி சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போனான். ஆதிலாபாத் தாண்டி, கண்ணுக்கு எட்டின வரை பருத்திக்காடாகக் கிடந்த ஓர் இடத்தில், பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, இஞ்சின் சூடு காட்டுகிற ஹீட் முள் விறுவிறுவென்று ஏறியது, அவன் ஓரங்கட்டி முன்மூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஃபேன் பெல்ட் அறுந்து செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மாற்று பெல்ட்டை முந்தின நடையில் வழியில் நின்ற வேறொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டிருந்தான். கேபினில் உட்கார வாகாக மடித்துப் போட்டிருந்தது பாவாயியின் பழைய நூல் சேலை, அரக்கு நிறம், மஞ்சள் கரை. அதை நீளவாக்கில் கிழித்து, சடை பின்னுகிற மாதிரி முறுக்கிப் பின்னி, தண்ணீரில் நனைத்து, பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரங்களைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டான். அடுத்த ஊர் வரைக்கும் தாங்கினால் போதும் என்றுதான் போட்டான். வண்டி கிளம்பியது, முள் இறங்கியது, அடுத்த ஊரும் வந்தது, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் கடையும் வந்தது, அர்த்தநாரி வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்த்தான், முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, அவன் மறுபடியும் கியரை மாற்றினான். ஓடுகிற வண்டியில் கை வைக்காதது லாரிக்காரர்களின் பழக்கம். போய்ச் சேருகிற வரைக்கும் என்று கட்டின கம்பி, முட்டுக் கொடுத்த கட்டை, ஓட்டையில் அடைத்து வைத்த சோப்பு, இவற்றின் மேல்தான் பனங்காட்டுப் பிரிவு லாரிகளில் பாதி ஓடிக்கொண்டிருந்தன. அவன் மட்டும் புதிதாக என்ன தப்பு செய்துவிட்டான்.

அவன் முடிச்சை இறுக்கின அந்த நேரத்தில் பாவாயி அப்பாவை டீக்கடையிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தாள். "கல்லு இருக்கு" என்று வாயெடுத்தாள். 'கல்' வரைக்கும்தான் வெளியே வந்தது. மீதிக்காக ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி நின்ற நாச்சிமுத்து, அது வராததால் காலை இறக்கி, கல்லிலேயே இறக்கி, மண்ணில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பாவாயியின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை, நல்ல தொண்டை என்றார்கள். அர்த்தநாரி வழியிலிருந்து போன் பண்ணினான், மறுமுனையில் மூச்சுதான் கேட்டது, என்னவோ கோபம், ஆறினால் பேசுவாள் என்று வைத்துவிட்டான். நாச்சிமுத்துவும் கோபம் என்றுதான் நினைத்தார். நெற்றியில் கட்டோடு படுத்துக்கொண்டு, தான் செய்த தப்பு என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். பாவாயி சின்னவளாக இருந்தபோது அடித்தது, படிப்பை நிறுத்தியது, கட்டிக் கொடுத்த இடம். அவள் கட்டிலருகில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். கோபமில்லை என்று சொல்வதற்கும் குரல் வேண்டியிருந்தது.

லாரி வெங்காயத்தோடு திரும்பி வந்தது. வந்ததும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். மேட்டில் ஏறினால் அது நீண்டு இழுத்தது, சமதரையில் முணுமுணுத்தது. அர்த்தநாரி வண்டியைக் காசிம் மேஸ்திரியின் பட்டறையில் கொண்டுபோய் விட்டான். காசிம் மேஸ்திரி அந்தப் பிரிவில் சத்தம் பார்க்கிற ஆள். அவர் செய்கிற முறை எல்லாருக்கும் தெரியும். இஞ்சினை ஓடவிட்டுப் பெல்ட்டின் மேல் ஒரு கை தண்ணீர் விடுவார். சத்தம் அடங்கினால் ஒரு கோளாறு, கூடினால் வேறு கோளாறு. காய்ந்த துணி சோப்பை ஓடுகிற பெல்ட்டின் மேல் மெல்லத் தேய்ப்பார். கடைசியில் முழங்கை நீளத்து ஸ்குரூ டிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாட்டர் பம்ப், டைனமோ என்று ஒவ்வொரு உறுப்பாகக் கேட்டுக்கொண்டே போவார். அன்றைக்கும் அப்படியே செய்தார். அவர் தண்ணீர் விட்டபோது வீட்டில் பாவாயிக்குப் புரை ஏறியது. சோப்பைத் தேய்த்தபோது அவள் வாயெல்லாம் காரமாகக் கசந்தது, கொல்லைக்கு ஓடிப்போய்த் துப்பினாள்.

ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மேஸ்திரி சொன்னார். "பேரிங் நல்லா இருக்கு. பம்பு நல்லா இருக்கு. டைனமோவும் நல்லா இருக்கு. உங்க வீட்டம்மாதான் பேசுறாங்க."

அர்த்தநாரி என்ன பேசுகிறாள் என்று கேட்டான்.

"தண்ணி குடிச்சீங்களான்னு கேக்குறாங்க."

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பினார்கள். அர்த்தநாரி ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். அவள் குரலேதான், சித்த மெதுவாப் போங்க, சித்த மெதுவாப் போங்க என்று ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நல்லவேளை, அவளுக்கு நம் மேல் கோபமில்லை என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போய், அவளிடம் விஷயத்தைச் சொல்லி, தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை அந்த ஊர் ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை, வசதியாக எடுத்துக்கொண்டது. இப்போது ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை, நாள் ஆக ஆகக் குரல் நன்றாகவே வெளியே கேட்டது. வளைவு வருமுன் பாத்துப் போங்க என்றது. டயரில் காற்று குறைந்தால் கால் வலிக்குதுங்களா என்றது. அர்த்தநாரி கண் சொக்கினால் டீ வெக்கட்டுங்களா என்றது. பாவாயி இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் என்னென்ன சொன்னாளோ அவற்றையே சொன்னது, அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த லாரி ஒரு தூணில் உரசவில்லை, ஒரு நாய் மேல் ஏறவில்லை. லாரி முதலாளி முத்துவேல் கைராசிக்காரர் என்று பேர் எடுத்தார். மற்ற டிரைவர்கள் பட்டறைக்கு வந்து, வண்டியை ஓடவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக் கேட்டார்கள். என்ன மாதிரிப் பொம்பளை பாரு என்று பெருமூச்சு விட்டார்கள். யாரோ முன்மூடிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள், யாரோ மல்லிகைச் சரம் போட்டார்கள். பட்டறையில் கூட்டம் சேர்ந்ததால் காசிம் மேஸ்திரிக்கும் வேலை சேர்ந்தது, பக்கத்துப் புளியமரத்தடி வரைக்கும் லாரிகள் நின்றன. பெண்கள் வீட்டுக்கு வந்து பாவாயியின் கையைப் பிடித்து, கொடுத்து வெச்ச மகராசி, புருசன் போற வழியெல்லாம் கூடவே போறே என்றார்கள். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். ஆமாமா, அந்தத் தொண்டைதான் என்று அவர்கள் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டுத் தொட்டியண்ணன் என்கிற டிரைவர், தன் பெண்டாட்டி ராசாமணியின் சேலையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போய்க் கிழித்துத் தன் லாரியில் கட்டினான். அதுவும் பலித்தது. ஆனால் ராசாமணி பாவாயி இல்லை. ஓமலூர் தாண்டுவதற்குள் அந்த இஞ்சின் அவனுடைய அம்மாவில் ஆரம்பித்து, அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, அவன் குடிக்கு வந்து, தொப்பூர்க் கணவாயில் நிறுத்தின இடத்திலெல்லாம் நாலு பேர் எட்டிப் பார்க்கிற மாதிரி ஏசியது. டோல்கேட்டில் நின்ற போலீஸ்காரர் வண்டிக்குள் யாரு, கீழே இறங்கச் சொல்லு என்றார். தொட்டியண்ணன் அங்கேயே இறங்கி, அரிவாளை எடுத்துப் பெல்ட்டை ஒரே வெட்டாக வெட்டினான். வெட்டினதும் பனங்காட்டுப் பிரிவில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ராசாமணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், அவன் வந்து சேர்ந்த பிறகு ஆடி வரைக்கும் தொடர்ந்தாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்து முடித்ததும் ஊருக்கு ஒன்று விளங்கியது. கழற்றினால் குரல் திரும்பிவிடும். பாவாயிக்கும் அது விளங்கியது, அவள் அன்றைக்கே பட்டறைக்குப் போய், அரிவாளால் வெட்டுகிற மாதிரி கையை அசைத்துக் காட்டினாள். அர்த்தநாரிக்கும் விளங்கியது, காசிம் மேஸ்திரிக்கும் விளங்கியது. விளங்காத மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ராசாமணி வாய் வண்டிக்கு ஆகாது, அதனால் கழற்றினார்கள், இது ஆகிற வாய், இதை எதற்குக் கழற்றுவது என்று அங்கே நின்ற யாரோ நியாயமாகவே கேட்டார்கள். வெயில் தாழட்டும், மழை தாழட்டும், இந்த லோடு இறங்கட்டும் என்று அர்த்தநாரி சொன்னான். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று கணக்காகிவிட்டது.

ஆனால் பாவாயிக்கு நாள் போகப் போக அவசரம் வந்தது ஊரைப் பற்றிய கவலையால் இல்லை, நாச்சிமுத்துவால்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் அவரை டீக்கடைக்குக் கொண்டுவந்து விட்டபோது எதிரே பட்டறையில் அந்த லாரி ஓடிக்கொண்டிருந்தது. மகள் குரல் கேட்டதும் நாச்சிமுத்து கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் குரலை நோக்கி, யாரும் பிடிக்காமல், ரோட்டைத் தாண்டி நேராக நடந்து போய், சூடாக இருந்த பம்பரின் மேல் கை வைத்து நின்றார். "கண்ணு, நீயா?" என்றார். ஆமாங்கப்பா என்றது இஞ்சின். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். சாப்பிட்டனுங்கப்பா, நீங்க சாப்பிட்டீங்களா என்றது. அவருக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. மகள் புருசனோடு லாரியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறாள். அவள் இல்லாத வீட்டில் தனக்குச் சோறு போட மாப்பிள்ளை ஓர் ஊமைப் பொம்பளையை வேலைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். டீக்கடைக்காரர் அப்படி இல்லை என்று ஒருதரம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஆள் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் இருக்குமா, கண்ணில்லாதவன் என்று விளையாடாதீங்க என்று நாச்சிமுத்து சிரித்தார். அப்புறம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, பெரியவர் சந்தோசமாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றையிலிருந்து அவர் பாவாயியை அம்மிணி என்று கூப்பிட்டார். தண்ணி கொடுங்கம்மிணி என்றார். உங்களுக்கு எந்த ஊருங்க, எத்தன புள்ளைங்க என்று கேட்டுவிட்டு, அட, வாய் பேசாதுன்னு மறந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க என்றார். மாடாக நடக்க மாட்டேன் என்றவர் இப்போது தன் மணிக்கட்டை அவள் கையில் கொடுத்து நடந்தார், வேற்றுப் பொம்பளையின் கை என்று கூச்சத்தோடு விரலை மடக்கியே வைத்துக்கொண்டு நடந்தார். பிறந்ததிலிருந்து கண்ணு என்றும் வாடி போடி என்றும் கூப்பிட்ட வாயிலிருந்து ஒவ்வொரு 'ங்க' வந்து விழும்போதும் அவள் உடம்பில் ஒரு கல் விழுந்தது.

காசிம் மேஸ்திரி ஒருநாள் அவளைக் கூப்பிட்டுவிட்டார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரைத் துடைத்து அவளிடம் நீட்டினார். பாவாயி நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைத் தன் காதில் வைத்துத் தன்னையே கேட்டாள். ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி, தான் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ஆனால் அந்தச் சரிங்கவில் நடுவெழுத்து இல்லை. பாத்துப் போங்கவில் முனை மழுங்கியிருந்தது. அப்பா என்பது ஒரு மூச்சாகத் தேய்ந்திருந்தது.

"நூல் பிரியுது தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "இப்பக் கழட்டுனா மிச்சம் இருக்குறது உனக்குக் கெடைக்கும். தானா அறுந்துச்சுன்னா, அது வரைக்கும் பேசுனதெல்லாம் ரோட்டோட போச்சு."

அவள் அவரையும், அவர் இடுப்பில் தொங்கின சாவியையும், கத்தியையும் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, வாசலில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வண்டி என்னுதா, சொல்லு, முதலாளி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று முனகினார். பெல்ட்டை மறைத்துத் தகரம் போட்டுப் பூட்டியிருந்தார்கள், அந்தப் பூட்டைப் போட்டவரும் அவர்தான்.

முதலாளி வந்தார், வேறு வார்த்தை சொன்னார். வடக்கே நோன்புக் காலம் தொடங்கப் போகிறது, விரதம் இருக்கிறவர்கள் ஜவ்வரிசிக்குக் காத்திருக்கிறார்கள், இந்த ஒரு நடை போய் வரட்டும், வந்ததும் தன் கையாலேயே கழற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்.

லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பட்டறை வாசலில் பாதி ஊர் நின்றது. அர்த்தநாரி ஏறி ஸ்டார்ட் பண்ணினான். அப்போது பாவாயி போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாவாயி, இந்த ஒரே ஒரு நடை, ஊருக்கு முன்னால என்னைய அவமானப்படுத்தாத," என்றான். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாச்சிமுத்து கூட்டத்தில் நின்று, என்னங்க சத்தம், வண்டி ஏன் இன்னும் கிளம்பல என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஊமைப் பொம்பளை மறிக்குது என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான்.

முதலாளி முத்துவேல் கெட்டவர் இல்லை என்று அந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவர் முன்னால் வந்து கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார். "அந்தப் புள்ளைக்கு இஷ்டமில்லாம வண்டி போகாது. வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லட்டும், இப்பவே கழட்டிர்றேன்," என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். பாவாயி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்குள்ளிருந்து, தேய்ந்து போனாலும் தெளிவாகவே, அவளுடைய குரல் சொன்னது, "போயிட்டு வாங்க."

முதலாளி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா," என்றார்.

கேட்டார்கள். அத்தனை பேருக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பெண்கள் இரண்டு பேர் வந்து அவள் தோளைப் பிடித்து, அதான் நீயே சொல்லிட்டியே, வா, வா என்று பக்குவமாக ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நாச்சிமுத்து புகை வந்த திசைக்குக் கையை ஆட்டி, போயிட்டு வா கண்ணு என்றார்.

அப்புறம் பாவாயி அரிசி புடைத்தாள், தண்ணீர் பிடித்தாள், அப்பாவைக் கூட்டிப் போனாள், கூட்டி வந்தாள். லாரி மேடு ஏறினால் அவள் தொண்டை எரிந்தது, தூசி ரோட்டில் போனால் இருமினாள், அதை வைத்து வண்டி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் உச்சிப்பொழுதில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் தொண்டையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. முறம் சரிந்தது. எரிச்சல் நின்றது, தூசி நின்றது, தொண்டை தன்னுடைய தொண்டையாக இருந்தது. பெல்ட் அறுந்துவிட்டது.

அவள் எழுந்து ஓடிப்போய்க் கட்டிலருகில் மண்டியிட்டு, அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் முன்பு மாதிரி உள்ளே மொத்தமும் காலியாக இல்லை, என்னவோ இருந்தது, கை வைத்தால் தட்டுப்பட்டது. அடுக்குப் பானையில் ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி அவள் தன் சொற்களைத் தேடினாள். சரிங்க இல்லை. பாத்துப் போங்க இல்லை. சாப்பிட்டீங்களா இல்லை. இப்புடி வாங்கப்பா, காலத் தூக்கி வைங்க, தண்ணி குடிங்க, ஒன்றும் இல்லை. தினம் தினம் சொன்னதெல்லாம் தினம் தினம் ஓடி, இழை இழையாகப் பிரிந்து, ஐதராபாத்துக்கும் நாக்பூருக்கும் நடுவில் வேலிமுள்ளில் ஒட்டிக்கொண்டு பறந்துகொண்டிருந்தது. அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், அவள் வாழ்நாளில் ஒருதரம்கூட வெளியே எடுக்காத சில சொற்கள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. வண்டி அவற்றைப் பேசவில்லை, அதனால் அவை தேயவில்லை. அவள் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லும்படி அவற்றில் ஒன்றும் இல்லை.

தண்ணி கொடுங்கம்மிணி என்றார் நாச்சிமுத்து. அவள் வாயை மூடிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

லாரியை வேறொரு லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பட்டறையில் அதைச் சுற்றி ஊர் நின்றது, செத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றது. காசிம் மேஸ்திரி கடையில் வாங்கின பெல்ட்டை மாட்டி ஓட்டிக் காட்டினார். நன்றாக ஓடியது. இஞ்சின் இஞ்சின் மாதிரிக் கத்தியது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. என்ன வண்டி இது, மொட்டையா ஓடுது என்றார்கள்.

பாவாயி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அவர்தான் மகளைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்திருந்தார். பம்பரின் மேல் கை வைத்து, கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார். முதலாளி ஒரு பையைப் பிரித்தார். உள்ளே இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த சேலை, புதுசு, நல்ல நூல், நல்ல அரக்கு. அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து அர்த்தநாரியிடம் கொடுத்தார். ரெண்டு நாள் உடுத்திட்டுக் கொடுத்தாப் போதும் என்றார், உடம்பு பட்டால் போதும், மிச்சத்தை இந்த முறை மேஸ்திரி நல்லா முறுக்கிப் பின்னிருவாரு, ரொம்ப நாள் தாங்கும். அர்த்தநாரி தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பெண்டாட்டி முன்னால் நின்றான். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு பணிவாக நின்றதில்லை. கூட்டத்தில் பெண்கள் குலவை போடத் தயாராக நாக்கை மடித்தார்கள்.

"மாட்டேன்," என்றாள் பாவாயி.

புதுப் பாத்திரம் தரையில் விழுந்தால் வருகிற சத்தம் மாதிரி இருந்தது அது. எங்கும் தேயாத, எங்கும் நெளியாத சத்தம். அவளே ஒரு நிமிசம் திடுக்கிட்டாள்.

அர்த்தநாரி சுற்றும் முற்றும் பார்த்தான், இஞ்சினைப் பார்த்தான், அது நின்றிருந்தது. "பாவாயி, ஒரே ஒரு நடை," என்றான்.

"முடியாது," என்றாள். அவன் சேலையை அவள் தோளில் போட வந்தான். "வேண்டாம்," என்றாள். அவன் கையைப் பிடித்தான். "என்னுது," என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டாள், தன் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இது அந்தப் புள்ளை குரலே இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், அது எப்படி இருக்கும், தேன் மாதிரி இருக்கும், அது ரோட்டிலேயே செத்துப்போச்சு, இது பெல்ட் வழுக்குற சத்தம் என்றார்கள். இதற்கா இத்தனை நாள் பொட்டு வைத்தோம் என்று ஒருத்தி நாக்கை அவிழ்த்துக்கொண்டு முதலில் நடந்தாள். ராசாமணி மட்டும் கொஞ்ச நேரம் நின்று பாவாயியை ஏற இறங்கப் பார்த்தாள், தொட்டியண்ணன் கூப்பிட்டதும் போனாள். முதலாளி சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மேஸ்திரி ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த லாரிக்குக் கீழே படுத்துக்கொண்டார். அர்த்தநாரி வெறும் தட்டோடு நின்றான், என்னமோ கேட்க வாயெடுத்தான், அவள் என்ன பதில் சொல்வாள் என்பது அவனுக்கு இப்போது தெரிந்திருந்ததால் கேட்காமலே போனான்.

நாச்சிமுத்து பம்பரிலிருந்து கையை எடுத்தார். "ஆருங்க அது பேசுனது?" என்றார்.

பாவாயி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா என்று வாய் வடிவம் எடுத்தது, காற்று வந்தது, அவ்வளவுதான். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அட, நீங்களா அம்மிணி, உங்களுக்குப் பேச வருமா," என்றார் அவர். "சித்த கைய விடுங்க. என்ற மக இப்ப எறங்கி வருவா. நான் இங்கயே நிக்குறேன்."

"விடமாட்டேன்," என்றாள் பாவாயி.

அவர் திகைத்து அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்படி ஒரு குரலை அவர் எங்கும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். லாரியிலிருந்து யாரும் இறங்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, டீக்கடையில் பாய்லர் சீறியது, அவருக்குப் போவதற்கு வேறு கை இல்லை. சரி, நடங்க என்றார்.

அவள் முன்னால் நடந்தாள், அவர் விரலை மடக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். வழியில் கல் வந்த இடத்திலெல்லாம் அவள் அவர் கையை மேலே தூக்கினாள், அவர் காலைத் தூக்கி வைத்தார். கோவிச்சுக்காதீங்கம்மிணி, உங்க குரல் கொஞ்சம் கரடு, என்ற மக குரலக் கேட்டிருக்கீங்களா நீங்க என்று ஆரம்பித்து, அது எப்படி இருக்கும், எப்படிக் கூப்பிடும், காலையில் எப்படி, மழைநாளில் எப்படி என்று வீடு வரைக்கும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.